வீட்டு வீடியோவில் போட்டோ சேர்க்கும்போது: ஒலி அறாமல், தலை வெட்டுப்படாமல், பார்க்க வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை

வீட்டு வீடியோவுக்குள் போட்டோக்களைச் சேர்க்கும்போது முதலில் கெடுவது பெரும்பாலும் ஒலிதான். ஓடிக்கொண்டிருக்கும் கிளிப்பை வெட்டி நடுவில் ஒரு போட்டோவைச் செருகினால் பேச்சும் சிரிப்பும் சட்டென்று அறுந்துபோகும். நான்கு நொடி மௌனம், பிறகு பழைய இரைச்சல் திரும்ப வரும். பார்ப்பவர் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று ரிமோட்டைத் தேடுவார். அந்த மௌனத்தை மறைக்கப் படம் முழுக்க ஒரு பாட்டை ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் பாட்டியின் குரலும் குழந்தையின் மழலையும் மூழ்கிவிடுகின்றன. வீட்டு வீடியோவில் விலைமதிப்பில்லாதது அந்தக் குரல்கள்தான். ஆகவே முழு வேலைக்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளலாம்: போட்டோ வரும்போது படம் நிற்கட்டும், ஒலி ஓடட்டும்.

அதற்கான வழி எளியது. எடிட்டிங் மென்பொருளில் கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டை டைம்லைன், அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகள் டிராக். வீடியோ கிளிப் கீழ் டிராக்கில் வெட்டுப்படாமல் இருக்கட்டும், போட்டோவை அதற்கு மேல் டிராக்கில் வையுங்கள். போட்டோ இருக்கும் நேரத்துக்குக் கீழே உள்ள படம் மறையும், ஒலி தொடரும். ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஐமூவியில் போட்டோவை டைம்லைனில் கிளிப்புக்கு மேலே இழுத்து வைத்தால் அது 'கட்அவே', அதாவது மேலே மூடி நிற்கும் படம், ஆகிவிடும். கிளிப்சாம்ப், ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் போன்ற மற்ற எடிட்டர்களிலும் மேலே இன்னொரு வீடியோ டிராக் சேர்த்து இதையே செய்யலாம்.

எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் உங்கள் போட்டோவையும் வீடியோவையும் பெரும்பாலும் தனக்குள் நகலெடுத்து வைப்பதில்லை. அவை கணினியில் எங்கே இருக்கின்றன என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். பாதி வேலையில் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, பென்டிரைவைக் கழற்றினாலோ டைம்லைன் முழுக்கச் சிவப்புக் கட்டங்களும் 'மீடியா ஆஃப்லைன்' என்ற எச்சரிக்கையும்தான் மிஞ்சும். ஒரே ஃபோல்டர் திறந்து, அதற்குள் வீடியோ, போட்டோ, ஒலி, பிராஜெக்ட் என நான்கு துணை ஃபோல்டர்கள் போட்டு, எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்த பிறகே தொடங்குங்கள். பல பேரின் போனிலிருந்து வந்த படங்கள் என்றால் தேதிப்படி அடுக்கி 001, 002 என்று பெயர் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் எடுத்த தேதி அழிந்திருக்கும். ஃபைலின் பெயரில் இருப்பது அனுப்பிய தேதி, அதை நம்பி அடுக்கினால் வரிசை குலையும்.

போட்டோ எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் பார்க்கலாம். 1080பி வீடியோவின் சட்டகம் 1920×1080 பிக்சல். 12 மெகாபிக்சல் போன் போட்டோ 4032×3024. அகலத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதால் ஒரு முகத்தை இரண்டு மடங்கு நெருங்கிக் காட்டினாலும் தெளிவு குறையாது. அதே போட்டோவை 3840×2160 அளவுள்ள 4கே பிராஜெக்டில் போட்டால் நெருங்குவதற்கு அநேகமாக இடமே இல்லை. போட்டோ நிறைய வரும் படத்துக்கு 1080பி போதும் என்பது என் கருத்து. வேலையும் இலகு, ஃபைலும் சிறிது, டிவியில் பார்க்க ஒரு குறையும் தெரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோ நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிப்போகும். அதைத் திரை நிறைய இழுத்தாலே மங்கும், நெருங்கினால் முகம் கரையும். எடுத்தவரிடமே கேட்டு மூலப்படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

மறுபுறம், 50 மெகாபிக்சல் போட்டோக்களை அப்படியே கொட்டினால் எடிட்டர் திணறும். மெதுவாக நகரும்போது கூரை ஓடு, கம்பி வேலி, கட்டம் போட்ட சேலை போன்ற நுண்கோடுகள் மினுங்கும். பெரிய படத்தை அந்தந்த நொடியில் சுருக்கிக் காட்டுவதால் வரும் கோளாறு அது. நீளப் பக்கம் 4000 பிக்சல் அளவுக்கு முன்கூட்டியே சுருக்கிவைத்தால் பெரும்பாலும் தீரும்.

ஆல்பத்தில் இருக்கும் பழைய பிரிண்ட்களை ஸ்கேன் செய்வதாக இருந்தால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) வையுங்கள். 4×6 அங்குல பிரிண்ட் அப்போது 2400×3600 பிக்சலாக வரும். 300 டிபிஐயில் 1200×1800தான், திரையை நிரப்பவே சற்றுப் போதாது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறையும் மஞ்சளும் தனி நிறமாகப் பதிவாகும் என்பதால் பிறகு நீக்குவது சுலபம். ஸ்கேனர் இல்லாமல் போனால் எடுப்பதென்றால் பிரிண்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கிடத்தி, ஃபிளாஷை அணைத்து, போனைப் பிரிண்டுக்கு இணையாகப் பிடியுங்கள். நேர் மேலிருந்து வரும் விளக்கு பளபளப்பாக எதிரொளித்து முகத்தை மறைக்கும். பசையோடு ஒட்டிக்கொண்ட பழைய படத்தை இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள். படலம் உரிந்தால் திரும்ப ஒட்டாது. ஆல்பத்திலேயே வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஐபோனிலிருந்து வரும் போட்டோக்கள் ஹெய்க் (HEIC) என்ற ஃபைல் வடிவத்தில் இருக்கலாம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அதுதான் அங்கே இயல்பு. சில எடிட்டர்கள் அதைத் திறக்காது, அல்லது கறுப்புக் கட்டமாகக் காட்டும். ஜேபெக் (JPEG) ஆக மாற்றிக்கொள்ளுங்கள். சில போட்டோக்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பதற்குக் காரணம் வேறு. போன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் ஃபைலுக்குள் எழுதும். அந்தக் குறிப்பைப் படிக்காத எடிட்டரில் படம் சாய்ந்து வரும். எந்தப் போட்டோ மென்பொருளிலாவது திறந்து, திருப்பி, புதிதாகச் சேமித்தால் சரியாகும்.

இனி சட்டகம். தலை வெட்டுப்படுவது இங்கேதான். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் போன் போட்டோவில் 4:3, பழைய ஃபிலிம் பிரிண்டில் 3:2, வீடியோவில் 16:9. 4:3 படத்தைத் திரை நிறையப் பொருத்தினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். 3:2 என்றால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எடிட்டர் பெரும்பாலும் நடுவை வைத்துக்கொண்டு மேலும் கீழும் சமமாக வெட்டும். குழுப்படத்தில் பின் வரிசையில் நிற்பவர்கள் நெற்றியோடு போய்விடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நீங்களே மேலே ஏற்றியோ கீழே இறக்கியோ வைக்க வேண்டும். குழுப்படத்தை வெட்டவே வேண்டாம். உயரம் முழுதும் தெரியும்படி பொருத்தினால் 4:3 படம் 1440 பிக்சல் அகலம் பிடிக்கும், இருபுறமும் 240 பிக்சல் காலியாக நிற்கும். அந்த இடத்தை அதே படத்தின் மங்கலான நகலால் நிரப்பலாம்: நகலைக் கீழ் டிராக்கில் திரை நிறைய விரித்து, பிளர் கூட்டி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் கண் ஓரத்துக்கே ஓடும். நெட்டுக்குத்தான 3:4 போட்டோ 810 பிக்சல் அகலம்தான் பிடிக்கும். அத்தகைய இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் திரை அழகாக நிறையும். ஒருவரின் சிறுவயதுப் படமும் இன்றைய படமும் அப்படி நின்றால் அதற்கு விளக்கமே தேவையில்லை.

போட்டோவுக்குள் மெல்ல நெருங்குவதும் நகர்வதும் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் பெயராலேயே வழங்குகிறது. ஐமூவி போட்டோவைச் சேர்த்ததுமே இதைத் தானாகப் போட்டுவிடும். தொடக்கச் சட்டகம், முடிவுச் சட்டகம் என்று இரண்டு கட்டங்கள் தெரியும், அவற்றை நீங்கள் நகர்த்தி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அது எதை நோக்கி நெருங்குகிறது என்பது குருட்டாம்போக்கு. ஐந்து நொடிக்கு 100இலிருந்து 108 அல்லது 110 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் நகர்வுதான் கண்ணில் படும், முகம் படாது. முடியும் இடம் ஒரு முகமாகவோ, கையில் பிடித்திருக்கும் பொருளாகவோ இருக்கட்டும். எல்லாப் படத்துக்கும் நகர்வு கொடுக்காதீர்கள். வரிசையாக நான்கு படம் வந்தால் இரண்டு அசையாமல் நிற்கலாம்.

எத்தனை நொடி என்பது படத்தில் எத்தனை முகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தனி முகத்துக்கு மூன்று நொடி, நான்கைந்து பேருக்கு ஐந்து, இருபது பேர் நிற்கும் குழுப்படத்துக்கு எட்டு நொடி கொடுத்தாலும் வீட்டார் 'நிறுத்து, நிறுத்து' என்பார்கள். ஐமூவி இயல்பாக நான்கு நொடியும், ரிசால்வ் ஐந்து நொடியும் கொடுக்கும். எல்லாவற்றையும் அப்படியே விட்டால் படம் கடிகாரம்போல ஓடும். இன்னொரு பொறி: நான்கு நொடி போட்டோவுக்கு இரு பக்கமும் ஒரு நொடி டிசால்வ் (ஒரு படம் கரைந்து அடுத்தது தோன்றும் மாற்றம்) போட்டால் அது தெளிவாக நிற்பது இரண்டு நொடியாகக் குறையலாம். டிசால்வை அரை நொடியாக்குங்கள், அல்லது போட்டோவை நீட்டுங்கள். வீடியோவிலிருந்து போட்டோவுக்குப் போகும் இடங்களில் நேர் வெட்டே நன்றாக இருக்கிறது. டிசால்வை காலம் மாறும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், இன்றைய வீட்டிலிருந்து பழைய வீட்டுக்குப் போகும்போது.

ஒலிக்குத் திரும்பலாம், நேரம் செலவிட வேண்டிய இடம் அதுதான். போட்டோவுக்குக் கீழே ஓட வீடியோ ஒலி போதாமல் போகும்போது, அதே நிகழ்ச்சியில் யாரும் பேசாத ஐந்து, பத்து நொடி இரைச்சலை ஏதாவது கிளிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ தேடுங்கள். பாத்திரச் சத்தம், தூரத்துப் பேச்சு, மழை, மின்விசிறி, எதுவானாலும் சரி. ஒலியை மட்டும் பிரித்தெடுத்துப் போட்டோக்களின் கீழே பரப்பி, இரு முனையிலும் அரை நொடி ஃபேட் (ஒலி மெல்லக் கூடுவதும் குறைவதும்) போடுங்கள். போட்டோ உடனே அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த கிளிப்பின் ஒலியை ஒரு நொடி முன்பே, போட்டோ இன்னும் திரையில் இருக்கும்போதே தொடங்கிவிடுவதும் நல்ல உத்தி. காது முன்னே போனால் கண் வெட்டைக் கவனிக்காது.

பழைய படங்களுக்கு இதைவிடச் சிறந்த ஒலி, அந்தப் படத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர் பேசும் குரல். துணியும் மெத்தையும் உள்ள சிறிய அறையில் எதிரொலி குறைவு. மின்விசிறியை அணைத்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நேராக வைத்தால் ப போன்ற எழுத்துகளில் காற்று மோதி 'புஸ்' என்று பதியும். எழுதிப் படிக்கச் சொல்லாமல் படத்தைக் கையில் கொடுத்து 'இதில் யார் யார்?' என்று கேளுங்கள். எடிட் செய்யும்போது பெயரைச் சொல்வதற்கு அரை நொடி முன்பே அந்த முகம் திரைக்கு வந்துவிட வேண்டும். பிந்தி வந்தால் பார்ப்பவர் வேறு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எடிட்டரின் ஒலிமானியில் பேச்சின் உச்சம் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம், பின்னணி இசை பேச்சுக்கு அடியில் -25 அளவில் இருக்கட்டும். பேச்சே இல்லாத இடத்தில் மட்டும் இசையை மேலே கொண்டுவாருங்கள். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் சினிமாப் பாட்டைத் தவிருங்கள். பதிப்புரிமை உள்ள பாட்டைத் தானாக அடையாளம் காணும் அவர்களுடைய கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்தால் வீடியோ சில நாடுகளில் தடைபடலாம், விளம்பரம் வரலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது.

சில கோளாறுகள் இறக்குமதி செய்யும்போதே தொடங்கும். போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். அத்தகைய கிளிப் நீளமாக இருந்தால் போகப்போக உதடும் குரலும் விலகும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃபிரேம்ரேட்டை 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து மாற்றிக்கொண்டு எடிட் செய்தால் போதும். ஷாட்கட் இப்படிப்பட்ட கிளிப்பைப் பார்த்ததும் மாற்றித் தரட்டுமா என்று தானே கேட்கும். பிராஜெக்டின் ஃபிரேம் வேகத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ரிசால்வில் டைம்லைனில் கிளிப் வந்த பிறகு அதை மாற்ற முடியாது. ஐமூவி முதலில் சேர்க்கும் கிளிப்பைப் பார்த்தே அளவையும் வேகத்தையும் நிர்ணயிக்கும், அதனால் போட்டோவை முதலில் போடாமல் உங்கள் முக்கிய வீடியோவைப் போடுங்கள். மேக் ஐமூவியில் நெட்டுக்குத்தான பிராஜெக்ட் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

போட்டோக்கள் இயல்பாக இருக்க வீடியோ மட்டும் கண்கூசும் வெளிச்சமாகவோ, சாம்பல் பூத்தோ தெரிந்தால் அது வெளிச்ச வீச்சைக் கூட்டிப் பதிவு செய்யும் ஹெச்டிஆர் வீடியோவாக இருக்கும். ஐபோன் 12 முதல் இது உண்டு. இனி எடுக்கப்போவதற்கு கேமரா செட்டிங்கில் 'ஹெச்டிஆர் வீடியோ'வை அணைத்துவிடலாம். எடுத்தாகிவிட்டதை எடிட்டரில் சாதாரண நிறவெளிக்கு, அதாவது ரெக்.709க்கு மாற்ற வேண்டும்.

திரையில் தமிழில் எழுதும்போது எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. சில எடிட்டர்களில் 'கொ', 'கெ', 'கை' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே விழும். யூனிகோட் எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வசதி அந்த மென்பொருளில் இல்லாததே காரணம், ஃபாண்டை மாற்றிப் பயனில்லை. பிரீமியர் ப்ரோவில் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். அப்படி வழி இல்லாத எடிட்டரில், தமிழைச் சரியாகக் காட்டும் வேறொரு மென்பொருளில் 1920×1080 அளவில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகத் தலைப்பைச் செய்து, மேல் டிராக்கில் வையுங்கள். எந்த எடிட்டரிலும் குலையாது. எழுத்து ஓரங்களிலிருந்து பத்து சதவீதம் உள்ளே இருக்கட்டும், பழைய டிவிகள் விளிம்பை விழுங்கும்.

எடிட் முடிந்தது என்று பலர் பிராஜெக்ட் ஃபைலையே அனுப்பிவிடுகிறார்கள். பெற்றவரிடம் அது திறக்காது, திறந்தாலும் வெறும் கட்டங்கள்தான். அதில் இருப்பது முகவரிகள் மட்டும் என்று முன்பே பார்த்தோம். சில நூறு கேபி அளவில் ஒரு 'படம்' இருந்தால் அது படமே இல்லை. எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்: எம்பி4 ஃபைல், அதற்குள் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ, ஏஏசி முறையில் ஒலி. எந்த டிவியும் போனும் ஏற்றுக்கொள்ளும் சேர்க்கை இதுதான். ஹெச்.265 ஃபைல் சிறியதாக வரும், ஆனால் பழைய டிவியில் குரல் மட்டும் கேட்டுப் படம் வராமல் போகலாம். 1080பி, 30 ஃபிரேமுக்கு 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் தரவு) கொடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 75 எம்பி, இருபது நிமிடப் படம் 1.5 ஜிபி. டிசால்வும் மெல்லிய நகர்வும் அதிகம் உள்ள படத்தில் 4, 5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் அந்த இடங்களில் கட்டம் கட்டமாக உடையும்.

எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தும் முன் டைம்லைனின் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். பாட்டின் வால் படத்தைத் தாண்டி நீண்டிருந்தால் ஃபைலின் முடிவில் மூன்று நிமிடம் கறுப்புத் திரை ஓடும். தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இன், அவுட் குறிகள் எங்காவது மிச்சம் இருந்தால் அந்தத் துண்டு மட்டும் வெளிவரும். போட்டோவுக்கும் கிளிப்புக்கும் இடையில் ஒற்றை ஃபிரேம் இடைவெளி விழுந்திருந்தால் கறுப்பாகச் சிமிட்டும், டைம்லைனைப் பெரிதாக்கினால்தான் அது தெரியும். ஃபைல் வந்ததும் ஒரு முறை முழுதாக, தாண்டாமல் பாருங்கள். போனில் ஒரு முறை, டிவியில் ஒரு முறை என்றால் இன்னும் நல்லது.

அனுப்புவதில் ஒரே வழி எல்லோருக்கும் பொருந்தாது. வாட்ஸ்அப்பில் கேலரி வழியாக அனுப்பினால் படம் கடுமையாகச் சுருங்கும். ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் உண்டு. 'டாக்குமெண்ட்' வழியாக 2 ஜிபி வரை சுருங்காமல் போகும், டெலிகிராமிலும் ஃபைலாக 2 ஜிபி வரை அனுப்பலாம். ஆனால் பெறுபவரின் போனில் அவ்வளவு இடம் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 720பி, 3 எம்பிபிஎஸ்ஸில் இன்னொரு சிறு நகல் செய்து அனுப்புவதே நல்லது, நிமிடத்துக்கு 23 எம்பிதான் ஆகும். ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைக்க விடாது, டிரைவ் லிங்காக மாற்றிவிடும்.

பலருக்கு ஒரே நேரத்தில் காட்ட யூடியூபில் 'அன்லிஸ்டெட்' வசதியானது. தேடினால் கிடைக்காது, லிங்க் உள்ளவர் எவரும் பார்க்கலாம். லிங்க் கை மாறினால் அதுவும் பொதுவெளிதான், அதனால் குழந்தைகள் நிறைய வரும் படம் என்றால் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைக்கும் 'பிரைவேட்' முறையே சரி. கணக்கைத் தொலைபேசி எண்ணால் உறுதி செய்யாதவரை 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றிய உடனே லிங்கை அனுப்பாதீர்கள். முதலில் மங்கலான வடிவமே தயாராகும், ஹெச்டி வரச் சற்று நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பார்த்தவர் படமே மங்கல் என்று முடிவு கட்டிவிடுவார். கூகுள் டிரைவிலும் இதே கதைதான். அங்கே கூடுதலாக அனுமதியையும் கவனிக்க வேண்டும்: லிங்கை உங்கள் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள், உள்நுழையச் சொல்லிக் கேட்டால் மற்றவர்களையும் அப்படித்தான் கேட்கும். இணையத்தில் நேரடியாக ஓடவிடும் ஃபைலாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தைக் குறியுங்கள். இல்லாவிட்டால் ஃபைலின் அட்டவணை கடைசியில் இருக்கும், முழுதும் இறங்கும்வரை சில இடங்களில் படம் தொடங்காது.

டிவியில் செருகப் பென்டிரைவ் கொடுப்பதென்றால் அதன் வடிவமைப்பைப் பாருங்கள். எஃப்ஏடி32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, டிரைவில் இடம் இருந்தாலும் 'ஃபைல் மிகப் பெரிது' என்று மறுக்கும். எக்ஸ்ஃபேட் ஏற்கும், ஆனால் சில பழைய டிவிகள் அதைப் படிக்காது. அங்கே ஃபைலை 4 ஜிபிக்குள் அடக்குவதே வழி. ஃபைலின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள், தமிழ்ப் பெயர் சில டிவிகளில் கட்டங்களாகத் தெரியும்.

பகிர்ந்த பிறகு பிராஜெக்டை அழித்துவிடாதீர்கள். 'அந்தப் பெயர் தப்பு', 'சித்தப்பா படம் விட்டுப்போச்சு' என்று நிச்சயம் சொல்வார்கள். மூலப் போட்டோ, மூல வீடியோ, பெரியவரின் குரல் பதிவு, பிராஜெக்ட், எக்ஸ்போர்ட் ஆன படம் எல்லாம் ஒரே ஃபோல்டராகத் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல், இணையச் சேமிப்பில் ஒரு நகல். ரிசால்வில் 'பிராஜெக்ட் ஆர்க்கைவ்' எடுத்தால் தொடர்புள்ள ஃபைல்களையும் சேர்த்துக் கட்டிவிடும். நகலெடுத்த டிஸ்க்கிலிருந்து பிராஜெக்டை ஒரு முறை திறந்து, எந்தப் போட்டோவும் ஆஃப்லைன் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுக் கணினியில் இடத்தைக் காலி செய்யுங்கள்.